காருக்கு மட்டும் இடம் உண்டு

மாரிட் வந்து இறங்கியபோது அப்பா வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் அட்டைப் பெட்டி. நடுவில் அவள் தம்பி கர்ட் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தான்.

"பார்த்து, பார்த்து! அதை மிதிச்சுடாதே. சாட்டிலைட் தட்டு."

"சாப்பாட்டுத் தட்டை எங்கடா வைக்கிறது?" என்றாள் மாரிட். கையில் உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ், இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"உள்ளே வை. இங்க பாரு, இது டயர்ல மாட்டுறது. காத்து குறைஞ்சா போன்ல சொல்லிடும். இது, வண்டி சாய்வா நிக்குதான்னு சொல்லும்."

"படுத்தா தெரிஞ்சுடாதா?"

"என்னது?"

"சாய்வா நின்னா தலைக்கு ரத்தம் ஏறும். அதுக்குப் போன் வேணுமா?"

கர்ட் சிரிக்கவில்லை. ஃபீனிக்ஸுக்குக் குடிபோன இத்தனை வருஷத்தில் எங்கள் மினசோட்டா நக்கல் அவனுக்கு மறந்துவிட்டது. வேறு சிலவும் மறந்துவிட்டன. அதனால் வந்த வினைதான் இந்தக் கதையே.

மாரிட்டின் சிவப்புக் காரின் மூக்கில் மெக்கானிக் இரும்புத் தகடு மாட்டியதையும், அவள் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுததையும் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாரிட்டின் அப்பா ஓரின் வாழ்நாள் முழுவதும் பால் டேங்கர் ஓட்டியவர். ஓய்வுபெற்று, இந்த வசந்தத்தில் ஒரு ஆர்.வி. வாங்கினார். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே அடங்கிய பெரிய வீட்டு வண்டி. குடும்பத்தோடு ஐந்து வாரப் பயணம். மொண்டானா மலைகளைத் தாண்டி, பசிபிக் கடல்வரை. திங்கட்கிழமை காலை புறப்பாடு.

ஈஸ்டர் விருந்தில்தான் முடிவானது. ஓரின், அம்மா வெர்னா, கர்ட், அவன் மனைவி, இரண்டு பெண்கள் என்று எண்ணிக்கொண்டே வந்த கர்ட், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி கேட்டான்: "நீ வர்றியா மாரிட்?"

"ஐயோ, எனக்கு எதுக்கு? உங்களுக்கே இடம் பத்தாது" என்றாள் மாரிட்.

எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். ஒருவர் கூப்பிட்டால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கூப்பிட்டால், உங்களுக்கு ஏன் சிரமம் என்று இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று தலையாட்ட வேண்டும். ஒரு துண்டு கேக்குக்கே எங்களுக்கு இந்தச் சடங்கு உண்டு. ஐந்து வாரப் பயணத்துக்குக் கேட்கவா வேண்டும்!

கர்ட் ஒரு தடவைதான் கேட்டான். "சரி, உன் இஷ்டம்" என்று அடுத்த ரொட்டியை எடுத்துக்கொண்டான். மாரிட் அம்மாவைப் பார்த்தாள். இரண்டாவது தடவையை அம்மா கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். வெர்னா குழம்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளுடைய காதோரத்தை எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச காலமாகவே அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. தன்மேல் ஏதோ கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுவாரம் கர்ட் போன் செய்தான். முகாமில் பெரிய வண்டியை நிறுத்திவிட்டு ஊர் சுற்ற ஒரு சின்ன கார் வேண்டும், அதைப் பின்னால் கட்டி இழுத்துப் போக வேண்டும். எல்லாக் காரையும் அப்படி நாலு சக்கரமும் தரையில் உருள இழுக்க முடியாது, கையால் கியர் போடுகிற கார்தான் சரிப்படும். குடும்பத்தில் அப்படி ஒன்று வைத்திருப்பவள் மாரிட் மட்டும். காரின் மூக்கில் மாட்டிய தகடு அப்படிக் கட்டி இழுக்கத்தான்.

ஆக, கார் கடலைப் பார்க்கப் போகிறது. மாரிட் வீட்டில் இருந்து நாய்க்குச் சோறு போடப் போகிறாள். அவள் வேலை பார்ப்பது பள்ளிக்கூடச் சமையலறையில். கோடை முழுக்க விடுமுறை. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

"இந்தா, இதைக் காதுல மாட்டு" என்று கர்ட் ஒரு கருவியை நீட்டினான். தலையில் மாட்டிப் பேசுகிற ஹெட்செட். பெட்டியின்மேல் ஒரு தம்பதி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு இது?"

"வண்டியைப் பின்னாடி எடுக்கிறப்போ அப்பாவும் அம்மாவும் கத்திக்காம இருக்கத்தான். பட்டன் கிட்டன் எதுவும் அழுத்த வேண்டாம். மாட்டினா போதும், ஒருத்தர் பேசுறது எல்லாருக்கும் கேக்கும். அவங்க ரெண்டு பேருக்கும் மாட்டி விட்டுட்டேன். நீ தபால் பெட்டிவரைக்கும் நடந்து போ, அவ்வளவு தூரம் எடுக்குதான்னு பார்க்கணும்."

"நீ மாட்டலையா?"

"நான் தட்டைப் பொருத்தக் கூரைமேல ஏறணும். போ, போ."

வேலைக்கு மட்டும் கூப்பிடத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு மாரிட் நடந்தாள். தபால் பெட்டி வீட்டிலிருந்து ஒரு நல்ல நடை, மண் பாதை சாலையைத் தொடுகிற இடத்தில். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு மக்காச்சோளம்.

பாதி வழியில் காதுக்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"காமிரான்னு ஏதோ கொண்டாந்திருக்கான். பின்னாடி இருக்கிறதை டிவி மாதிரி காட்டுமாம். அவன் கேட்டா அதைப் பார்த்துட்டுத் தலையாட்டு. போதும்."

"எதைப் பார்க்கிறது வெர்னா?" அப்பாவின் குரல். "எதை நேரா பார்க்கிறேனோ அது காணாம போயிடுது. ஓரமெல்லாம் தெரியுது, நடுவுல ஓட்டை. உன் முகமே இல்லை எனக்கு. காது தெரியுது."

மாரிட் நின்றுவிட்டாள்.

"என் முகத்தை நீ பார்த்தது போதும். நான் பக்கத்துலதானே உக்காரப் போறேன்? வளைவு வந்தா சொல்றேன், லாரி வந்தா சொல்றேன். இந்த வண்டியை வாங்கி எடுத்துட்டு வந்தப்போ சொல்லலையா? வீடுவரைக்கும் வந்து சேரலையா?"

"அது நேர் ரோடு. இது மலை."

"மலைன்னா மெதுவாப் போவோம்."

"பிள்ளைங்க பின்னாடி இருக்கும் வெர்னா. அந்த டாக்டரம்மா ராத்திரியில ஓட்டாதேன்னு சொல்லலை. ஓட்டவே ஓட்டாதேன்னு சொன்னா."

"அவளா நம்மகூட வர்றா?"

அப்பா சொன்னார்: "மாரிட்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"எதுக்கு? அவ வந்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சுடுவா. அதனாலதான் ஈஸ்டர் அன்னிக்கு நான் வாயைத் திறக்கலை."

மாரிட் தபால் பெட்டிவரை போகவில்லை. ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். ஒரே நேரத்தில் இரண்டு துக்கம் வந்தால் எதற்கு முதலில் அழுவது? அப்பா தன்னை வெறுக்கவில்லை, தன் முகம் அவருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு இடம் பிரச்சினை இல்லை, எதையும் கண்டுபிடித்துவிடும் மகளின் கண்தான் பிரச்சினை.

அவள் வந்தபோது ஓரின் கொட்டகைப் பக்கம் போயிருந்தார். வெர்னா வண்டிக்குள் நின்று, குலுங்கினாலும் உடையாத புதுத் தட்டுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது. அதில் பொட்டுப்போல ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, அது ஆன்ல இருக்கு."

வெர்னா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். முகம் மாறியது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு முகத்தைச் சரிசெய்துகொள்ள அதிக நேரம் பிடிக்காது.

"ஹாட்டிஷ் கொண்டு வந்தியா? கறி கொஞ்சம் தீஞ்ச வாசனை வருதே."

"அம்மா. பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு அவர் மலையில ஓட்டப் போறாரா?"

"நீ ஏதோ தப்பா கேட்டிருக்கே."

"காதுக்குள்ளேயே கேட்டேன்மா."

வெர்னா கையிலிருந்த தட்டை வைத்தாள். "அப்போ கேட்டுக்கோ. கல்யாணமான நாள்லேர்ந்து கடலுக்குப் போகலாம்னு சொல்லிட்டிருக்கார். மாட்டுக்கு லீவு உண்டா? கிறிஸ்துமஸ் அன்னிக்கும் பால் கறக்குது, கிறிஸ்துமஸ் அன்னிக்கும் வண்டி எடுத்தாகணும். இப்பத்தான் விடிஞ்சிருக்கு. இந்தக் கோடையை விட்டா அவருக்குக் கடலும் ஒண்ணுதான், இந்தச் சோளக்காடும் ஒண்ணுதான். ஓரத்துலயாவது பார்க்கட்டுமே."

"கர்ட் ஓட்டட்டும்."

"கர்ட் ஓட்டினா ஏன்னு கேப்பான். ஏன்னு தெரிஞ்சா உங்கப்பா கையிலேர்ந்து சாவியைப் பிடுங்குவான். பிடுங்கிட்டா அவர் அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கவே மாட்டார். உனக்கு அவரைத் தெரியாதா?"

"நான் சொல்லத்தான் போறேன்."

"சொல்லு" என்றாள் வெர்னா, அடுத்த தட்டை எடுத்தபடி. "உன்னைக் கூப்பிடலைங்கிற வயித்தெரிச்சல்னுதான் நினைப்பான். நானும் அப்படித்தான் சொல்லுவேன்."

பெற்றவள் வாயால் இதைக் கேட்டபின் மாரிட் வண்டியைவிட்டு இறங்கிவிட்டாள். காபி போட வேண்டும் என்று வெர்னா வீட்டுக்குள் போனாள். கழுத்துக் கருவியை அணைத்துச் சமையலறை ஆணியில் மாட்டினாள்.

கர்ட் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். மாரிட் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள். கர்ட் கையிலிருந்த திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டான்.

"முடிச்சிட்டியா?"

"கர்ட், உன் பொண்ணுங்கடா."

"என் பொண்ணுங்களை எனக்குப் பார்த்துக்கத் தெரியும். ஈஸ்டர்லேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கே. காரைக் கேட்டா கொடுத்துட்டே, ஆனா கொடுத்த விதமே சரியில்லை. வரணும்னா வர்றேன்னு சொல்லியிருக்கணும். நான் கேட்டேன்ல?"

"ஒரு தடவை கேட்டே."

"எத்தனை தடவை கேக்கணும்? மண்டி போட்டா?"

எங்கள் ஊர் வழக்கத்தை எங்கள் ஊரில் பிறந்தவனுக்கே விளக்க வேண்டி வந்தால், அதைவிட அவமானம் உண்டா?

"அப்பா நல்லாத்தான் ஓட்டுறார். கொஞ்சம் மெதுவா ஓட்டுறார், அவ்வளவுதான்" என்றான் கர்ட். "இப்போ காமிராவைப் பார்த்து வண்டியைக் கொட்டகைவரைக்கும் பின்னாடி எடுக்கப் போறார். நீயே நின்னு பாரு. பின்னாடி ஒரு ஆள் நின்னு கை காட்டவே தேவையில்லை. முதல்ல உன் காரை ஓரமா எடு. வழியில நிக்குது."

அங்கேதான் மாரிட் கொஞ்ச நேரம் யோசித்தாள். கர்ட்டின் மனைவி பெண்களை அழைத்துக்கொண்டு நீச்சல் உடை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பின்பக்கம் நாய்கூட இல்லை, கட்டிப் போட்டிருந்தது. அம்மா சமையலறையில். கொட்டகைவரை வெறும் புல்.

அவளுக்கென்று சொந்தமாக இருந்த பெரிய பொருள் அந்தக் கார் ஒன்றுதான். விவாகரத்தில் அவள் கேட்டு வாங்கியது அது மட்டும்தான். கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்ததும் இதே ஓரின்தான், இதே புல்வெளியில்தான்.

அவள் காரை எடுத்தாள். ஓரமாக எடுக்கவில்லை. ஆர்.வி.க்கு நேர் பின்னால், காமிராவின் கண்ணுக்கு எதிரே, பக்கக் கண்ணாடிகளில் தெரியாதபடி குறுக்காக நிறுத்தினாள். இறங்கி, லைலாக் செடிக்குப் பக்கத்தில் போய் நின்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

ஓரின் ஹெட்செட்டைக் கழற்றாமலே வந்து ஏறினார். கர்ட் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். என்ஜின் கிளம்பியது. காதுக்குள் அவர்கள் குரல் தெளிவாக வந்தது.

"அம்மா வரட்டுமேடா" என்றார் ஓரின்.

"எதுக்குப்பா? அவங்களுக்கு ஓய்வு கொடுங்க. இந்தத் திரையைப் பாருங்க. படம் எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. அமோகமா இருக்கு."

"இல்லப்பா... நல்லா பாருங்க. பின்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. காலி" என்றார் ஓரின்.

கர்ட்டின் முன்னால் இருந்த திரையில் சிவப்பைத் தவிர வேறு நிறமே இருந்திருக்காது.

"அப்பா, இன்னொரு தடவை..."

"பார்த்துட்டேன்டா" என்றார் ஓரின். வண்டி நகர்ந்தது.

என்ஜின் சத்தம் கேட்டுச் சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. வெர்னா ஓடிவந்தாள். கை முஷ்டியாக உயர்ந்திருந்தது. நிறுத்து என்பதற்கு அவர்கள் இருவருக்குள் இருந்த அடையாளம் அதுதான். டேங்கர் ஓட்டிய காலத்தில் இதே முற்றத்தில் எத்தனையோ தடவை அந்தக் கையை ஓரின் கண்ணாடியில் பார்த்து நிறுத்தியிருக்கிறார். இன்று அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! அப்பா! நிறுத்து!"

மாரிட்டின் காதுக்குள் கர்ட் அலறியதும் இரும்பு நசுங்கியதும் ஒன்றாகக் கேட்டன. கார் பக்கவாட்டில் புல்லைச் சீவிக்கொண்டு நகர்ந்து நின்றது. கதவு இரண்டும் உள்ளே போய்விட்டன. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

என்ஜின் அணைந்தது.

கர்ட் இறங்கி வந்தான். காரைப் பார்த்தான், மாரிட்டைப் பார்த்தான். "காலின்னு சொன்னார்" என்றான். "எனக்குத் தெரியுது. அவர் காலின்னு சொல்றார்." அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

வெர்னா காரைப் பார்க்கவே இல்லை. மகளுக்கு எதிரே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"இப்போ திருப்தியா உனக்கு?"

மாரிட் வாயைத் திறந்தாள். அதற்குள் காதுக்குள் ஒரு குரல் வந்தது. தாழ்ந்த குரல். வண்டிக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு, மனைவியின் காதுக்கு என்று நினைத்து ஓரின் பேசிக்கொண்டிருந்தார். மனைவியின் ஹெட்செட் ஆணியில் தொங்குவது அவருக்கு எப்படித் தெரியும்?

"வெர்னா. எதை இடிச்சேன்?"

மாரிட் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"மாரிட் காரா? இப்பத்தான் அது ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டுது. வெர்னா, அவ உள்ளே இருந்தாளா?"

எதிரே அம்மாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று மாரிட்டுக்குக் கேட்கவில்லை.

"பிள்ளை உள்ளே இருந்தாளா வெர்னா?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

"இருந்தாளா?" இந்த முறை அது கேள்வியாகவே இல்லை.

"இல்லப்பா" என்றாள் மாரிட். "நான் உள்ளே இல்லை. வெளியில நிக்கிறேன். லைலாக் செடிகிட்ட."

அவர் மூச்சுவிடுவது கேட்டது. அது சீராக வர வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க, இத்தனை மாதமாகத் தன் முகத்தைப் பார்க்காத அப்பா இப்போது காதுக்குள் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறாரே என்று மாரிட் நினைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

பிறகு அவர் கேட்டார்.

"தெரிஞ்சுதான் அங்க கொண்டாந்து நிறுத்தினியா, குட்டி?"

அதை அவர் ஒரு தடவைதான் கேட்டார். மாரிட் பதில் சொல்வதற்குள், வண்டியின் ஜன்னல் வழியாகத் தெரிந்த, அவர் ஹெட்செட்டின் அந்தச் சின்னப் பச்சை விளக்கு அணைந்துவிட்டது.